கல்லுக்கு இரண்டு பெயர்

மானாவாரிக் காடுகளில் ஆடு மேய்க்கப் போகும் பிள்ளைகளிடம் ஒரு விளையாட்டு உண்டு. செம்மண்ணில் வெள்ளை வெளேரென்று துருத்திக்கொண்டிருக்கும் வெங்கச்சங்கற்களில் கைக்கு அடக்கமான இரண்டைப் பொறுக்கிக்கொண்டு வருவார்கள். இருட்டிய பிறகு போர்வைக்குள் தலையை நுழைத்து இரண்டையும் அழுத்தித் தேய்ப்பார்கள். கல்லுக்குள்ளிருந்து மங்கலான வெளிச்சம் ஒன்று பளிச்சிட்டு அணையும். கூடவே கருகல் வாசனை வரும். பொறி பறக்கவில்லையே, பிறகு எது எரிகிறது என்று கேட்டால் பதில் சொல்லப் பெரியவர்களும் திணறுவார்கள். தண்ணீருக்குள் வைத்துத் தேய்த்தாலும் அந்த வெளிச்சம் வரும்.

அதே பிள்ளை மறுநாள் பள்ளியில், ‘குவார்ட்ஸ் ஒரு கனிமம், இது சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்தது, இதன் கடினத்தன்மை 7’ என்று எழுதி மதிப்பெண் வாங்கும். கால்சட்டைப் பைக்குள் கிடக்கும் வெங்கச்சங்கல்தான் அந்தக் குவார்ட்ஸ் என்பதைப் பல வகுப்பறைகளில் யாரும் சொல்வதில்லை. காட்டில் ஒரு பெயர், புத்தகத்தில் ஒரு பெயர். ஒரே கல்லின் இந்த இரண்டு பெயர்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாமலே ஒரு பிள்ளையின் தலைக்குள் குடியிருக்கின்றன.

நடுநிலைப் பள்ளியில் பாறைகளைப் பற்றிய பாடம் பெரும்பாலும் சொற்பட்டியலாகவே வந்து சேர்கிறது. பாறை, கனிமம், தாது, படிகம், பாறைக்குழம்பு, சிதைவு, படிவு, உருமாற்றம், புதைபடிவம் என்று ஒரு வரிசை. தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை என்று மூன்று பெட்டிகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு எடுத்துக்காட்டுகள். அந்தச் சொற்களில் தவறு எதுவும் இல்லை. நிறைய உழைப்பில் உருவானவை அவை. ஆனால் கல்லைப் பற்றிப் பேசுவதற்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு பெருஞ்செல்வம் இருக்கிறது. அது பாடத்துக்கு வெளியே நிற்க வைக்கப்பட்டிருப்பதுதான் வருத்தம்.

புதிதாக உடைத்த கருங்கல் சில்லு ஒன்றை வெயிலில் திருப்பிப் பார்த்தால் பாறைக்கும் கனிமத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஐந்து நிமிடத்தில் விளக்கிவிடலாம். தூரத்தில் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்தது, கிட்டத்தில் மூன்று நான்கு வகை மணிகளாகப் பிரிந்து நிற்கும். கண்ணாடிச் சில்லு போலச் சாம்பல் வெண்மையில் வழவழப்பாக இருப்பது குவார்ட்ஸ். பால் நிறத்திலோ இளஞ்சிவப்பிலோ தட்டையான முகங்களோடு வெயிலைத் திருப்பி அடிப்பது ஃபெல்ட்ஸ்பார். கறுப்புச் செதில்களாக மினுங்குவது பயோட்டைட் என்னும் கருமைக்கா. கூட்டத்துக்குப் பெயர் பாறை, கூடியிருக்கும் ஒவ்வொரு வகைக்கும் பெயர் கனிமம். இயற்கையில் தானே உண்டானது, திடமானது, இன்னின்ன தனிமங்கள் இந்த விகிதத்தில் என்று சொல்லக்கூடியது, அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பது: கனிமத்துக்குக் கேட்கப்படும் தகுதிகள் இவை. இந்தக் கணக்கில் பனிக்கட்டியும் கனிமம்தான். நிலக்கரி கனிமத்தில் சேராது. அது மரம் செடிகளின் உடம்பிலிருந்து வந்த பாறை.

இந்தக் கருங்கல் வெயிலிலும் மழையிலும் ஆயிரமாயிரம் ஆண்டு கிடந்தால் என்ன ஆகும்? ஃபெல்ட்ஸ்பார் தண்ணீரோடு வினைபுரிந்து மெல்ல மெல்லக் களிமண்ணாகும். கருமைக்கா வெளுத்து, பொன்னிறம் ஏறி, செதில் செதிலாக உதிரும். ஓடை மணலில் தங்கத்தூள் போல மினுங்கும் அதைத்தான் ஊர் காக்காப்பொன் என்கிறது. குவார்ட்ஸ் மட்டும் எதற்கும் அசையாமல் மணலாக மிஞ்சும். களிமண், காக்காப்பொன், மணல். ஒரு கருங்கல்லின் மூன்று பிள்ளைகளுக்கும் தமிழ்ப் பெயர் எப்போதோ வைத்தாகிவிட்டது. பாறைச் சிதைவு என்ற தலைப்பை இந்த மூன்று சொற்களிலிருந்தே தொடங்கலாம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. பூமியின் மேலோட்டில் பாதிக்கு மேல் ஃபெல்ட்ஸ்பார்தான். இருந்தும் அதற்கு வீட்டில் புழங்கும் தமிழ்ப் பெயர் இல்லை. கருங்கல்லுக்குள் பிணைந்திருக்கும்வரை அதனால் யாருக்கும் தனியாக ஒரு வேலை ஆகவில்லை. அது மண்ணாகிக் குயவர் கைக்கு வந்த பிறகுதான் களி என்று பெயர் கிடைக்கிறது. மக்கள் கொடுக்கும் பெயர்கள் பயன்பாட்டின் வழியே, தொடுகையின் வழியே வருபவை. அறிவியல் கொடுக்கும் பெயர்கள் பிறப்பையும் உட்கட்டமைப்பையும் பார்த்து வருபவை. இரண்டும் ஒரே வேலையைச் செய்வதில்லை. அதனால் ஒன்றைச் சொல்லி இன்னொன்றைத் தள்ளிவிடவும் முடியாது.

ஊர்ப் பெயர்களின் கூர்மையைப் பார்க்கக் கல்நார் என்ற ஒரு சொல் போதும். ஆஸ்பெஸ்டாஸ் என்ற கனிமம் கல்லாகவும் இருக்கிறது, நாராகவும் பிரிகிறது. கையில் எடுத்துப் பிரித்துப் பார்த்தவரால்தான் அப்படிப் பெயர் வைத்திருக்க முடியும். சுக்கான் கல் என்றால் கிணறு வெட்டுபவருக்கும் விவசாயிக்கும் தெரியும்: மண்ணுக்கடியில் முண்டும் முடிச்சுமாகக் கிடக்கும் சுண்ணாம்புக் கட்டி. அதைக் காளவாயில் போட்டுச் சுட்டுத்தான் பழைய வீடுகளுக்குச் சுண்ணாம்பு எடுத்தார்கள். மாக்கல் என்றால் நகத்தால் கீறினாலே மாவாக உதிரும் கல். அதில் பெரும்பகுதி டால்க் என்னும் கனிமம். முகத்துக்குப் போடும் பவுடர் டப்பாவில் இருப்பதும் அதுதான். அந்த மாக்கல்லைக் கடைந்துதான் கல்சட்டி செய்கிறார்கள். வாங்கியதும் அடுப்பில் ஏற்றினால் விரிசல் விடும் என்று, அரிசி கழுவிய தண்ணீரும் வடித்த கஞ்சியும் ஊற்றி வைத்துப் பல நாள் பழக்கிய பிறகே குழம்பு வைப்பார்கள். ஒரு கனிமத்தின் இயல்பை அதைவிடப் பொறுமையாகக் கற்ற ஆய்வுக்கூடம் உண்டா என்று தெரியவில்லை.

வகுப்பறைக்குள்ளும் கற்கள் இருந்தன. சிலேட்டு, பலப்பம், சாக்பீஸ் மூன்றுமே கல்தான். கடலடிச் சேறு இறுகிக் களிப்பாறையாகி, பிறகு மலைகள் எழும்போது நசுங்கி உருமாறி, தகடு தகடாகப் பிளக்கும் குணம் பெற்றதுதான் சிலேட்டுப் பாறை. ஆந்திரத்தின் மார்க்காபுரம் அந்தப் பலகைகளுக்குப் பேர்போன ஊர். பலப்பம் என்பது மாக்கல்லுக்கே உள்ள இன்னொரு பெயர். சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சத்தால் செய்யப்படுகிறது. சரியான சாக் என்பது வேறு. அது நுண்ணுயிர்களின் ஓடுகள் கடலடியில் படிந்த மென்மையான சுண்ணாம்புப் பாறை. லத்தீனில் அதன் பெயர் கிரேட்டா. டைனோசர்களின் கடைசிக் காலகட்டத்துக்கு கிரெட்டேசியஸ் என்று பெயர் வந்தது அதிலிருந்துதான். அந்தக் காலத்தில் கடல் மூடியிருந்த நிலம் அரியலூர், பெரம்பலூர் பகுதி. அங்கே காரை என்ற ஊரைச் சுற்றியுள்ள களிமண் மேடுகளில் ஜிப்சம் தகடுகள் வெயிலில் கண்ணாடியாக மின்னுகின்றன. ஒரு தலைமுறை முழுக்க உருமாறிய பாறையின் மேல் மாக்கல்லால் ‘அ’ எழுதிப் படித்தது. ஆனால் உருமாறிய பாறைக்கு எடுத்துக்காட்டு கேட்டால் மனப்பாடம் செய்த விடையைச் சொன்னது. மடியில் இருந்த பலகையை யாரும் காட்டவில்லை.

கடினத்தன்மை 7 என்று அந்தப் பிள்ளை எழுதிய எண், பிரெடெரிக் மோஸ் என்ற ஜெர்மானியர் 1812இல் வகுத்த வரிசையிலிருந்து வருகிறது. எது எதைக் கீறும் என்பதுதான் அதன் ஒரே கேள்வி. டால்க்கில் தொடங்கி ஜிப்சம், கால்சைட், ஃபுளோரைட், அபடைட், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ், புஷ்பராகம் என்று ஏறிப் பத்தாவதாக வைரத்தில் முடியும். ஒன்பதாவது இடத்தில் இருப்பதன் ஆங்கிலப் பெயர் கொரண்டம். அகராதிகள் அந்தச் சொல்லின் வேரைத் தமிழின் குருந்தத்தில் காட்டுகின்றன.

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். குருந்தக்கல் என்பது இங்கே சாணை பிடிப்பவர்களும் மணி பட்டை தீட்டுபவர்களும் புழங்கிய பெயர். குருந்தத்தைப் பொடித்து அரக்கில் கலந்து வட்டாக்கி, அதில் கத்தியையும் ரத்தினத்தையும் தீட்டினார்கள். வைரம் தவிர மற்ற எல்லாக் கல்லையும் அது தேய்க்கும். குருவிந்தம் என்ற வடமொழி வடிவமும் உண்டு. அது மாணிக்கத்தைக் குறித்தது. 18ஆம் நூற்றாண்டில் இந்தக் கல் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போனபோது பெயரும் கூடவே போயிற்று. 1798இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் சார்ல்ஸ் கிரெவில் ஆசியாவின் குருந்தக்கல்லைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். 1802இல் அதே இதழில் கவுன்ட் பூர்னோன் அந்தக் கல்லையும் அதோடு சேர்ந்து கிடைக்கும் கனிமங்களையும் இன்னும் விரிவாக விவரித்தார். சாணைக்காரரின் சொல் கனிமவியலின் சொல்லாகிவிட்டது.

சிவப்பு மாணிக்கமும் நீலக்கல்லும் ஒரே கனிமம்தான் என்று தெளிவாவதற்கு இந்த ஆராய்ச்சிகளும் உதவின. இரண்டுமே குருந்தம், அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்தவை. அதில் துளி குரோமியம் கலந்தால் மாணிக்கம், இரும்பும் டைட்டேனியமும் கலந்தால் நீலம். நவரத்தின மோதிரத்தில் இரண்டு கிரகங்களுக்கு என்று தனித்தனியே பதிக்கப்படும் கற்கள் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரையின் ரத்தினக் கடைத்தெருவை விவரிக்கும்போது மணிகளின் குற்றங்களையும் குணங்களையும் வகைப்படுத்திச் சொல்கிறது. நொய்யல் கரையில் கொடுமணல் அகழாய்வில் கல்மணிகள் செய்த பட்டறைகளின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. இவ்வளவு நீண்ட கைப்பழக்கம் இருந்ததால்தான் ஒரு சொல் உலகத்துக்குக் கொடுக்கும் அளவுக்கு முற்றியிருந்தது.

அந்தக் குருந்தம் இன்றும் வீட்டுக்குள்தான் இருக்கிறது. தச்சர் மரத்தைத் தேய்க்கும் உப்புத்தாளில் ஒட்டியிருக்கும் பொடி பல வகைகளில் அலுமினியம் ஆக்சைடுதான், அதாவது செயற்கைக் குருந்தம். அப்பாக்களும் தாத்தாக்களும் கட்டிய எச்.எம்.டி. ஜனதா கடிகாரத்தின் முகப்பில் ‘17 ஜூவல்ஸ்’ என்று அச்சாகியிருக்கும். சக்கரங்களின் அச்சு தேயாமல் சுழல, உள்ளே பொருத்தப்பட்ட சின்னஞ்சிறு செயற்கை மாணிக்கங்கள் அவை. இவ்வளவும் இருக்க, இந்தச் சொல் ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு ஊர் திரும்பும்போது ‘கொரண்டம்’ என்று எழுதப்படுவதும் உண்டு. வீட்டை விட்டுப் போன பிள்ளை திரும்பி வந்து கதவைத் தட்ட, யார் நீ என்று கேட்பது போல இருக்கிறது.

இன்னொரு சொல்லின் பயணம் வேறு மாதிரியானது. பிரான்சிஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1800இல் சென்னையிலிருந்து கிளம்பி மைசூர், கன்னடம், மலபார் வழியாகப் பயணம் போனார். மலபாரில் அங்காடிப்புரம் பக்கம் ஒரு விசித்திரக் கல்லைக் கண்டார். பூமிக்குள் இருக்கும்வரை இரும்புக் கருவியால் அறுக்கும் அளவுக்கு மென்மை. வெளியே எடுத்துக் காற்று பட்டதும் செங்கல்லைவிட இறுகிவிடும். அதை அங்கிருந்தவர்கள் இட்டிகைக் கல் என்ற பொருளில் அழைத்தார்கள் என்று அவர் குறித்துவைத்தார். இட்டிகை என்றால் செங்கல். தமிழிலும் பழைய சொல்தான். லத்தீனில் செங்கல்லுக்கு லேட்டர் என்று பெயர். அதிலிருந்து லேட்டரைட் என்று ஒரு பெயரை உருவாக்கி 1807இல் வெளியான தன் பயண நூலில் எழுதினார். இன்று உலகம் முழுவதும் மண்ணியல் நூல்களில் இருக்கும் லேட்டரைட், அங்காடிப்புரத்துக் கல் அறுப்பவர்களின் பேச்சுக்கு ஒரு லத்தீன் சட்டை. புதுக்கோட்டைப் பக்கம் இதையே செம்புராங்கல் என்கிறார்கள். கோயில் சுவர், குளத்துப் படி, பெருங்கற்கால ஈமக்குழி என எல்லாவற்றுக்கும் அதுவே உதவியிருக்கிறது.

மூன்றாவது கதை சென்னைக்குள்ளேயே நடக்கிறது. பல்லாவரத்திலிருந்து வெட்டிய ஒரு கல், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்காகக் கல்கத்தா போயிற்று. அங்கே புனித ஜான் தேவாலய வளாகத்தில் இன்றும் இருக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்ட் 1893இல் அந்தக் கல்லறைக் கல்லின் பாறையியலை ஆராய்ந்து எழுதினார். பார்ப்பதற்குக் கிரானைட் போல இருந்தாலும் உள்ளே ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம் இருந்தது. சாதாரணக் கிரானைட்டில் அது இருப்பதில்லை. புதிய பாறைக்குப் புதிய பெயர் வேண்டியிருந்தது. கல்லறைக்குள் இருந்தவரின் பெயரையே வைத்தார்: சார்னோகைட். 1900இல் இந்தப் பாறைத் தொகுதியைப் பற்றி விரிவான நூலும் எழுதினார். நீலகிரி, சேர்வராயன், பழனி மலைகளெல்லாம் பெரும்பாலும் இந்தக் குடும்பத்துப் பாறைதான். அண்டார்டிக்காவில் கிடைத்தாலும் நார்வேயில் கிடைத்தாலும் அதன் பெயர் இன்று சார்னோகைட்தான். பெயர் கல்லை வெட்டிய ஊரிலிருந்தும் வரவில்லை, வெட்டியவரிடமிருந்தும் வரவில்லை. பல்லாவரைட் என்று ஒரு பெயர் வந்திருந்தால் எவ்வளவு பொருத்தமாக இருந்திருக்கும்! ஆனால் நிலைத்துவிட்ட பெயரை அறிவியலில் மாற்றுவது எளிதல்ல. பிள்ளைகளுக்கு அந்தப் பெயரோடு சேர்த்து ஊரையும் சொல்லிக்கொடுக்க இடமிருக்கிறது. பறங்கிமலையில் இந்தப் பாறை இருக்கும் இடத்தைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாகப் புவியியல் ஆய்வுத் துறை அறிவித்திருக்கிறது. விமானநிலையச் சாலையில் போகிறவர்களில் எத்தனை பேர் அந்த மலையை அப்படிப் பார்த்திருப்பார்கள்?

பல்லாவரத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அதே புவியியல் துறையில் பணியாற்றிய ராபர்ட் புரூஸ் ஃபூட், 1863 மே 30ஆம் தேதி அங்கே சரளை தோண்டிய குழி ஒன்றில் பழங்கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவின் தொல்மனிதர்களைப் பற்றிய ஆராய்ச்சி அந்தக் கல்லிலிருந்துதான் சூடுபிடித்தது. அந்தக் கருவி குவார்ட்சைட் என்ற பாறையால் ஆனது. மணற்பாறை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறி இறுகியது. சில மாதங்களில் அவரும் வில்லியம் கிங்கும் அதிரம்பாக்கத்தில் இன்னும் பல கைக்கோடாரிகளைக் கண்டார்கள். அங்கே பின்னாளில் சாந்தி பப்புவின் குழு செய்த அகழாய்வு, 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே மனித இனத்தின் மூதாதையர் அங்கே கருவி செய்தார்கள் என்று 2011இல் அறிவித்தது. எந்தக் கல் தட்டினால் கூரான விளிம்போடு தெறிக்கும், எது பொடியும் என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். பெயர்கள் இருந்தனவோ என்னவோ, கற்களை இனம் பிரிக்கும் அறிவு இருந்தது.

சார்னோகைட்டை மூன்று பெட்டிகளில் எதில் போடுவது? தேர்வில் இந்தக் கேள்வி வந்தால் பிள்ளைகள் பாவம். ஹாலண்ட் அதைப் பாறைக்குழம்பு உறைந்து உண்டான தீப்பாறை என்றே கருதினார். பின்வந்தவர்களில் பலர், அது பூமியின் ஆழத்தில் 700, 800 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் வேறு பாறை உருமாறி வந்தது என்றார்கள். கர்நாடகத்தின் கப்பால்துர்க்காவில் ஒரு கல்குவாரிச் சுவரில் இதைக் கண்ணால் பார்க்கலாம். வெளிர்ச் சாம்பல் நிற நைஸ் பாறைக்குள், எண்ணெய் ஊறியது போன்ற கரும்பச்சைத் திட்டுகளாகச் சார்னோகைட் பரவியிருக்கிறது. தண்ணீரை விரட்டிவிட்டு உள்ளே புகுந்த கார்பன் டை ஆக்சைடு நிறைந்த பாய்மம் அந்த மாற்றத்தைச் செய்தது என்பது விளக்கம். இன்றைய நிலையில் இரண்டு வழியாலும் சார்னோகைட் உண்டாகிறது என்றுதான் ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். சென்னையைச் சுற்றியுள்ள இந்தப் பாறைக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு. மூன்று பெட்டிகள் என்பது ஆரம்பப் பாடத்துக்கு ஒரு வசதி. அந்த வசதி எங்கே உடைகிறது என்பதையும் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லலாம். தன் ஊர் மலை, பாடப் புத்தகத்தின் பெட்டிகளுக்குள் அடங்காதது என்று கேட்கும் பிள்ளைக்குப் பாறையியல் பிடித்துப்போகும்.

ஊர்ச் சொற்கள் எல்லாமே தெளிவானவை என்றும் சொல்லிவிட முடியாது. பளிங்கு என்று பழைய இலக்கியம் சொன்னது நிறமற்ற படிகத்தை, அதாவது சுத்தமான குவார்ட்ஸை. மணிமேகலையில் வரும் பளிக்கறை, உள்ளே இருப்பவர் வெளியே தெரியும் கண்ணாடி அறை. இன்றோ தரையில் பதிக்கும் மார்பிளைப் பளிங்கு என்கிறோம். ஒன்று சிலிக்கா, மற்றது சுண்ணாம்பு. எலுமிச்சைச் சாறு விட்டால் ஒன்று சும்மா இருக்கும். மற்றது மெருகு குலைந்து அரித்துப் போகும். வைடூரியம் என்ற சொல்லும் இப்படியே பச்சைமணியிலிருந்து பூனைக்கண் கல்லுக்கு நகர்ந்திருக்கிறது. கடைக்குப் போனால் குழப்பம் இன்னும் கூடும். அங்கே மெருகு ஏறும் கடினமான கல் எதுவும் ‘கிரானைட்’. கறுப்புக் கிரானைட் என்று சமையல் மேடைக்கு வாங்குவது பெரும்பாலும் டோலரைட். அதற்கும் கிரானைட்டுக்கும் ரத்த உறவு கிடையாது. ‘காஷ்மீர் ஒயிட்’ என்று விற்ற கல் மதுரைப் பக்கத்தில் வெட்டியது. சட்டத்தின் பேச்சு வேறொன்று. 1957ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டத்தில் கட்டடக் கல், சரளை, சாதாரண மணல், சாதாரணக் களிமண் எல்லாமே ‘சிறுகனிமங்கள்’. லாரியில் போவது கனிமமா பாறையா என்று வட்டாட்சியரிடம் கேட்டால் ஒரு விடை, புவியியல் பேராசிரியரிடம் கேட்டால் இன்னொரு விடை. அறிவியலின் சொல் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறது என்பது இந்த இடத்தில்தான் புரிகிறது. கடையும் சட்டமும் இலக்கியமும் ஒரு சொல்லை இழுத்த இழுப்புக்கு வளைக்கும்போது, ஓரிடத்திலாவது அது அசையாமல் நிற்க வேண்டியிருக்கிறது.

அப்படி நிற்கக்கூடிய சொற்களைத் தமிழில் உருவாக்க வேண்டும் என்ற முயற்சிக்கு நூறாண்டு வயதாகிவிட்டது. 1916இல் ராஜாஜியும் நண்பர்களும் தமிழ் அறிவியல் சொற்களுக்கென்றே ஒரு சங்கமும் இதழும் தொடங்கினார்கள். தொடங்கிய ஊர் சேலம். வெள்ளைக்கல் என்று ஊரார் சொல்லும் மேக்னசைட்டும், கஞ்சமலையின் இரும்புத் தாதுவும் கிடக்கும் ஊர். இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகள் கனிமத்தைக் கனியம் என்றும் படிவுப்பாறையை அடையற்பாறை என்றும் படிக்கிறார்கள். அடைதல் என்ற வினையில், கலங்கிய தண்ணீர்க் குடத்தின் அடியில் வண்டல் தங்குவது கண்முன் தெரிகிறது. இரண்டு கரையின் புத்தகங்களும் ஒன்றின் சொல்லை மற்றது அறிந்துவைத்திருந்தால் நட்டம் ஒன்றுமில்லை.

இதற்கெல்லாம் பெரிய ஆய்வுக்கூடம் தேவைப்படாது. மோஸின் வரிசையில் நகத்துக்குச் சுமார் இரண்டரை, கண்ணாடிக்குச் சுமார் ஐந்தரை. மாக்கல்லை நகம் கீறும். சுண்ணாம்புக்கல்லை நகம் கீறாது, ஆணி கீறும். வெங்கச்சங்கல்லோ கண்ணாடியையே கீறும். சுக்கான் கல்லைப் பொடித்து அதன்மேல் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் நுரைக்கும். டைல்ஸின் மெருகேறாத பின்பக்கத்தில் காந்தக்கல்லைத் தேய்த்தால் கறுப்புக் கோடு விழும். ஹேமடைட்டைத் தேய்த்தால், கல் எவ்வளவு கறுப்பாக இருந்தாலும், கோடு செங்காவியாக விழும். ஒரு பிள்ளை ஒரு கல் கொண்டுவந்து, அதை வீட்டில் என்ன பெயரால் சொல்கிறார்கள் என்று பாட்டியிடம் கேட்டு வந்தால் போதும். கரும்பலகையில் இடப்பக்கம் பாட்டியின் சொல், வலப்பக்கம் புத்தகத்தின் சொல். இடையில் நகம், ஆணி, எலுமிச்சை. சில வரிகளில் இடப்பக்கம் காலியாக இருக்கும், ஃபெல்ட்ஸ்பாருக்கு நேர்ந்தது போல. சில வரிகளில் இடப்பக்கத்துச் சொல்லே வலப்பக்கத்துக்கும் போயிருக்கும், குருந்தத்தைப் போல.

நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் அந்தக் குருந்தம் இப்போதும் இருக்கிறது. வெளிர் நிறப் பாறையில் இளஞ்சிவப்புப் படிகங்களாகப் பதிந்திருக்கிறது. அந்த வெளிர்ப் பாறையின் பெயர் அனார்த்தோசைட். ஏறக்குறைய முழுவதும் ஒரே கனிமத்தால், பெயரில்லாத அந்த ஃபெல்ட்ஸ்பாரின் ஒரு வகையால் ஆனது. நிலவில் நமக்கு வெண்மையாகத் தெரியும் மேட்டுநிலங்கள் இதே பாறையால் ஆனவை. கறையாகத் தெரிவது பசால்ட் என்ற வேறொரு பாறை. சந்திரயான்-2க்காக நிலவின் மண்ணைப் போன்ற மண் தேவைப்பட்டபோது, வெளிநாட்டிலிருந்து வாங்க ஆகும் செலவைத் தவிர்க்க இஸ்ரோ இங்கேயே தேடியது. சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியலாளர்களின் உதவியோடு சித்தம்பூண்டியிலும் பக்கத்துக் குன்னமலையிலும் பாறை எடுத்தார்கள். சுமார் 50 டன். அதை நிலவு மண்ணின் அளவுக்குப் பொடியாக்கி, சலித்து, பெங்களூருக்குக் கொண்டுபோய்ப் பரப்பி, அதன்மேல் ஊர்தியின் சக்கரங்களை ஓட்டிப் பார்த்தார்கள். எடுத்தது போக மிச்சப் பாறை ஊரைச் சுற்றிக் கிடக்கிறது. பரமத்தி வேலூர்ப் பக்கத்துப் பள்ளிக்கு நடந்துபோகும் பிள்ளைகள் அதன்மேல் ஏறி இறங்கித்தான் போகிறார்கள். பௌர்ணமியன்று நிலவில் வெள்ளையாகத் தெரியும் மேடும், காலையில் கால் வைக்கும் அந்தப் பாறையும் ஒரே பெயருடையவை என்று அவர்களில் யாருக்காவது ஒரு ஆசிரியர் சொல்லியிருப்பார்.